சித்தியின் ரத்தத்தில் தொடங்க வேண்டிய சோதனை

கேள்வி கேட்டவர் உசிலம்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த 31 வயதுப் பெண். அவருடைய அம்மா 46 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்துவிட்டார். அம்மாவின் தங்கைக்கு, அதாவது சித்திக்கு, 39 வயதில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு இப்போது மதுரையில் கீமோ நடந்துகொண்டிருக்கிறது. கணவர் அம்மாவின் கடைசித் தம்பி; சொந்தத் தாய்மாமனையே மணந்திருக்கிறார். ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மரபணுச் சோதனை செய்துகொள்ளும்படி டாக்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மாமியாராகவும் இருக்கும் அம்மாச்சியோ, "ஒரு மகளைப் பறிகொடுத்தாச்சு, நல்லா இருக்கிறவளையும் எதுக்கு நோயாளியாக்கணும்" என்று தடுக்கிறார். சோதனை செய்யலாமா, செய்தால் யாருக்கு, அதில் என்ன தெரியவரும் என்று கேட்கிறார்.

மதுரையில் 16 ஆண்டுகளாகப் புற்றுநோய் கண்ட குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை சொல்லி வருகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில், சோதனை கட்டாயம் செய்ய வேண்டும் என்பதுதான். ஆனால் முதல் ரத்தம் உங்களுடையதாக இருக்க வேண்டாம், சித்தியுடையதாக இருக்கட்டும். இந்த வரிசை மாறினால் செலவழித்த பணமும் பட்ட மனக்கவலையும் வீணாகிவிடக்கூடும் என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

புற்றுநோய் என்றாலே பரம்பரை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லாப் புற்றுநோய்களிலும் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம்தான் பெற்றோரிடமிருந்து வந்த ஒற்றை மரபணுக் கோளாறால் ஏற்படுபவை. ஆனால் உங்கள் குடும்பத்தில் தெரியும் அடையாளங்கள் அந்தச் சிறு பங்கையே சுட்டுகின்றன. சினைப்பைப் புற்றுநோய் வந்த ஒரு பெண் வீட்டில் இருந்தாலே, வேறு யாருக்கும் எதுவும் இல்லாவிட்டாலும், மரபணுச் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அவருடைய உடன்பிறந்த தங்கைக்கு நாற்பதுக்குள் மார்பகப் புற்றுநோயும் வந்திருக்கும்போது இரண்டையும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இவ்விரண்டு புற்றுநோய்களையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துக் கொண்டுவருபவை பெரும்பாலும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்னும் இரு மரபணுக்கள். முதலாவது 17ஆம் குரோமோசோமில் எங்கோ இருக்கிறது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார். 1994இல் அது துல்லியமாகப் பிரித்தெடுக்கப்பட்டது, அடுத்த ஆண்டே 13ஆம் குரோமோசோமில் இரண்டாவதும் கிடைத்தது. செல்லுக்குள் டிஎன்ஏ இழை அறுந்துபோகும்போது அதைப் பிழையில்லாமல் ஒட்டுவதே இவற்றின் வேலை. ஒவ்வொன்றிலும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்று நம்மிடம் இரண்டு உண்டு. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி இருப்பதைப் போல, ஒன்று தொலைந்திருந்தாலும் மற்றதை வைத்து வாழ்நாளை ஓட்டிவிடலாம்; ஏதாவது ஒரு செல்லில் அந்த இரண்டாவதும் கெடும்போதுதான் அங்கே பிழைகள் குவிந்து கட்டி உருவாகிறது. பழுதான பிரதியோடு பிறந்தவர்களுக்கு நோய் இளவயதில் வருவதன் காரணம் இதுவே. பழுது அடுத்த தலைமுறைக்குப் போகும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. மகன், மகள் என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது.

சோதனைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை. மூன்று தலைமுறைக்கான குடும்ப வரைபடத்தை எழுதுங்கள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு, நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத்தில் மணந்தவர்களுக்கு இடையே இரட்டைக் கோடு. எங்கள் அறையில் இந்தப் படத்தை வரையும்போதுதான் உண்மைகள் வெளியே வரும். ஆனால் நம் பக்கத்தில் யாரும் "கேன்சர்" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. "வயித்துல கட்டி", "நீர் கோத்து வயிறு வீங்கிருச்சு", "மெட்ராஸ் கூட்டிட்டுப் போனாக, திரும்பலை" என்றுதான் சொல்வார்கள். வயிறு வீங்கி நீர் எடுத்து, சில மாதங்களில் இறந்த பெரியம்மா ஒருவர் இருந்தால் அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கக்கூடும் என்று நாங்கள் குறித்துக்கொள்வோம். பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி, தன் கணவரின் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதே நினைவில்லாமல் தடுமாறி, மறுமுறை வரும்போது வீட்டிலிருந்த பழைய மொய் நோட்டை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்தார். பேத்தி காதுகுத்துக்கு மொய் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்து, "இவ இப்ப இல்லை, மார்ல புண்ணு வந்து செத்தா, மூத்தவளுக்குக் காது குத்தி ரெண்டு வருசம் கழிச்சு" என்று அவர் சொல்லச் சொல்ல, மூன்று வட்டங்களுக்குள் கறுப்பு நிரப்பினேன். இறந்தவரின் வயதை அந்த நோட்டின் தேதியை வைத்தே கணக்கிட முடிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். அம்மாச்சியையே அதை வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி, ஏன் சித்தி முதலில் என்பது. மரபணுச் சோதனை என்பது பல ஆயிரம் எழுத்துகளைப் படித்து எங்கே பிழை இருக்கிறது என்று தேடுவது. பிழை இருக்க அதிக வாய்ப்புள்ளவர் நோய் வந்தவர்தான். அவரிடம் பிழையைக் கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். விலையும் முழுச் சோதனையின் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிடும். அப்போது உங்களுக்கு "இல்லை" என்று வந்தால், அது உண்மையான "இல்லை". உங்கள் அபாயம் ஊரிலுள்ள மற்றப் பெண்களின் அபாயத்துக்கு அருகில் இறங்கிவிடும். மாறாக, நோயில்லாத நீங்கள் முதலில் செய்து "இல்லை" என்று வந்தால் அதற்கு இரண்டு பொருள் இருக்க முடியும்: குடும்பத்துப் பிழை உங்களுக்கு வரவில்லை என்பது ஒன்று, குடும்பத்துப் பிழை இந்தச் சோதனை பார்க்காத இடத்தில் இருக்கிறது என்பது மற்றொன்று. எது என்று அறிக்கை சொல்லாது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அப்படிப்பட்ட "நெகட்டிவ்" தாளை லேமினேட் செய்து வைத்திருந்தார். அக்காள் இருவருக்கும் நோய் வந்திருந்தும் அவர்களில் யாருக்கும் சோதனை நடக்கவில்லை. அந்தத் தாளை நம்பி நான்கு ஆண்டுகள் மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்காமலே இருந்திருக்கிறார். அந்த லேமினேட் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு ஏற்பட்ட பதைப்பு இன்னும் மறக்கவில்லை. சோதனை செய்த இடத்தில் யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் அவர் அப்படி இருந்திருக்க மாட்டார்.

சித்திக்கும் இதனால் நேரடிப் பயன் இருக்கிறது. பிஆர்சிஏ பழுது இருப்பது தெரிந்தால் அறுவை சிகிச்சை எவ்வளவு விரிவாகச் செய்வது, மற்ற மார்பகத்தை என்ன செய்வது, சினைப்பைகளை எப்போது எடுப்பது என்பவை எல்லாம் மாறலாம். ஒலாபாரிப் என்ற மாத்திரை, பழுதுபார்க்கும் இன்னொரு வழியையும் அடைத்து, ஏற்கெனவே பிஆர்சிஏ இழந்த புற்றுச் செல்களைச் சாகடிக்கிறது. மீண்டும் வரும் அபாயம் அதிகமுள்ள தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயிலும் அது பலன் தருவதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. சித்தியின் கட்டி ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் இல்லாத "டிரிப்பிள் நெகட்டிவ்" வகையா என்று பயாப்சி அறிக்கையில் பாருங்கள். பிஆர்சிஏ1 குடும்பங்களில் அந்த வகை அதிகம். ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கட்டியிலிருந்து எடுத்த சதையில் செய்யும் மரபணுச் சோதனையும் உண்டு. அதில் தெரியும் மாற்றம் கட்டியில் மட்டும் பிறந்ததாக இருக்கலாம். பரம்பரையா என்பதை ரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். கையில் ஏற்கெனவே ஏதாவது அறிக்கை இருந்தால், "இது கட்டியில் செய்ததா, ரத்தத்தில் செய்ததா" என்று முதலில் கேளுங்கள்.

ஒருவேளை சித்தி சம்மதிக்காவிட்டாலும் வழி அடைபடவில்லை. உங்கள் அம்மாவுக்கு அறுவை சிகிச்சையோ பயாப்சியோ நடந்திருந்தால், அந்தத் திசுவை மெழுகில் புதைத்த சிறு கட்டையாக நோயியல் துறை சேமித்து வைத்திருக்கும். பயாப்சி அறிக்கையின் மேல் மூலையில் இருக்கும் எண்ணைச் சொல்லிக் கேட்டால் அந்தக் கட்டையைத் திரும்பப் பெறலாம். பழைய திசுவில் டிஎன்ஏ துண்டுதுண்டாக உடைந்திருக்கும் என்பதால் எப்போதும் பலிக்காது. ஆனாலும் அம்மாவின் தாள்களை யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

சித்தியின் முடிவு மூன்று விதமாக வரலாம். பழுது இருக்கிறது என்று வந்தால் அடுத்த படி தெளிவு. எதுவும் இல்லை என்று வந்தால், சித்தியின் நோய் தற்செயலாக வந்து, அம்மாவின் நோய் மட்டும் பரம்பரையாக இருந்திருக்கவும் இடமுண்டு. அப்போது உங்களுக்கு முழுச் சோதனை செய்வதில் பொருள் இருக்கிறது, சோதனை என்ன சொன்னாலும் குடும்ப வரலாற்றை வைத்துக் கண்காணிப்பும் தொடர வேண்டும். மூன்றாவதுதான் மக்களை அதிகம் அலைக்கழிப்பது. அறிக்கையில் "வியுஎஸ்" என்று மூன்று எழுத்து இருக்கும். அதாவது ஒரு மாற்றம் தெரிகிறது, அது கேடா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல இயலவில்லை. உலகத் தரவுத்தளங்களில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரின் மரபணுக்களே குவிந்திருப்பதால், நம் மக்களிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம்கூட அங்கே அந்நியமாகத் தெரிகிறது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் வெளியிடப்பட்டிருப்பதால் இந்த நிலை மெல்ல மாறும் என்று நம்புகிறேன். இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே வகைமாற்றம் பெறுகின்றன. ஆகவே "வியுஎஸ்" என்ற சொல்லை வைத்து யாரும் எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது, உறவினருக்குச் சோதனை செய்து ஆள் பிரிக்கவும் கூடாது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் மறு விளக்கம் கேட்டால் போதும்.

உங்களுக்குப் பழுது இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். 2017இல் வெளியான, ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1இல் 72 சதவீதம், பிஆர்சிஏ2இல் 69 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44, 17 சதவீதம். இந்த எண்கள் பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களிலிருந்து வந்தவை. பிஆர்சிஏ1 பழுதுள்ள நூறு பெண்களில் 28 பேருக்கு மார்பகத்தில் எதுவும் வராது என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. மார்பகத்துக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுக்கொரு எம்ஆர்ஐ, 30இலிருந்து மாமோகிராமும் சேர்த்து என்பது வழக்கமான பரிந்துரை. நோய் வந்தாலும் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம். மார்பகத்தை முன்கூட்டியே எடுப்பது அபாயத்தை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கும் என்றாலும் அது விருப்பத் தேர்வு. யாரும் உங்களை அவசரப்படுத்த அனுமதிக்காதீர்கள்.

சினைப்பை விஷயம் வேறு. அங்கே நோயை முளையிலேயே காட்டும் சோதனை நம்மிடம் இல்லை. பிரிட்டனில் பொதுமக்களில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் ஸ்கேனும் சிஏ-125 ரத்தச் சோதனையும் செய்து பார்த்த பெரும் ஆய்வின் முடிவு 2021இல் வந்தது, இறப்பு குறையவில்லை. எனவே குழந்தைப்பேறு முடிந்தபின், பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40க்குள்ளும், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45க்குள்ளும், இரு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறோம். இந்த நோய்களில் பல கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகின்றன. மாதவிடாய் திடீரென நிற்பதால் வரும் உடல் வெப்பம், எலும்புத் தேய்மானம் போன்றவற்றுக்கு மருந்து உண்டு. அதையும் சேர்த்தே முன்கூட்டிப் பேச வேண்டும்.

நம் ஊர்ப் பெண்கள் என்னிடம் அதிகம் சொல்லும் தவறான ஆறுதல், "எனக்குத்தான் கர்ப்பப்பை எடுத்தாச்சே" என்பது. ரத்தப்போக்குக்காக முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்தவர்கள் கிராமங்களில் நிறைய இருக்கிறார்கள். பலருக்குச் சினைப்பைகளை உள்ளேயே விட்டிருப்பார்கள், இளவயதில் அப்படி விடுவது சரியும்கூட. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் குழாயை முழுமையாக எடுப்பது ஆகாது. டிஸ்சார்ஜ் தாளைப் பார்க்காமல் "எல்லாம் எடுத்தாச்சு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் பெரியம்மா, அத்தை, அம்மாச்சி என்று யாருக்கு ஆபரேஷன் நடந்திருந்தாலும் அந்தத் தாளையும் வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள்.

இனி உங்கள் குடும்பத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். பொதுவான விளக்கக் கட்டுரைகளில் இது இருக்காது. மேலைநாட்டுக் குடும்பத்தில் தாய்க்குப் பழுது இல்லை என்று தெரிந்தால் அந்தக் கிளையில் கதை முடிந்தது. பிள்ளைகளுக்குச் சோதனையே தேவைப்படாது. உங்கள் வீட்டில் அப்படி முடியாது. உங்கள் கணவர் அதே அம்மாச்சியின் வயிற்றில் பிறந்தவர். குடும்பத்தில் பழுது உறுதியானால் அவருக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உங்களுக்கு "இல்லை" என்று வந்தாலும், அப்பாவின் வழியாக உங்கள் மகளுக்கு அது வந்திருக்க முடியும். ஆகவே அவருடைய ரத்தமும் கட்டாயம். அவருக்கென்றும் அதில் பயன் உண்டு: பிஆர்சிஏ2 உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் கூடுவதால் 40 வயதிலிருந்து பிஎஸ்ஏ என்ற ரத்தச் சோதனை தொடங்க வேண்டும், ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயும் இவர்களிடம்தான் அதிகம். இருவருக்கும் ஒரே பழுது இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாக அமையும். பிஆர்சிஏ2இல் அப்படி நேர்ந்தால் ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் சிறுவயதிலேயே வரும். ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி ஆகியவற்றின் அபாயமும் சேரும். அது மிக அபூர்வம். உங்கள் மகளை நினைத்து இன்று இரவு தூக்கம் கெட வேண்டாம். ஆனால் இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கருத்தரிக்கும் முன் இருவரின் முடிவும் கையில் இருக்க வேண்டும். மகளை நாளை எந்த முறைப்பையனுக்குக் கொடுப்பது என்ற பேச்சு எழும் வீடுகளுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

மகளுக்கு இப்போது சோதனை வேண்டாம். பிஆர்சிஏவில் ஒரு பிரதி மட்டும் பழுதாக இருந்தால் அது தொடர்பான நோய் குழந்தைப் பருவத்தில் வருவதில்லை. தெரிந்து வைத்துக்கொண்டு செய்வதற்கும் எதுவும் இல்லை. 18 வயதுக்குப் பின் அவளே முடிவெடுக்கட்டும். எல்லாப் பரம்பரைப் புற்றுநோய்க்கும் இதே விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக மின்னுகிறது என்று அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படும் பச்சிளங்குழந்தைகளில் சிலருக்கு இருப்பது விழித்திரைப் புற்றுநோய். அதற்குக் காரணமான ஆர்பி1 என்ற மரபணுவின் பழுது குடும்பத்தில் தெரிந்திருந்தால், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்தவுடனேயே சோதனை செய்வார்கள், ஏனென்றால் அங்கே தாமதித்தால் பார்வை போகும்.

அம்மாச்சியின் தடையைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். இத்தகைய பெரியவர்களிடம் தனியாகப் பேசும்போது அடியில் ஒரே பயம்தான் இருக்கும்: "எங்கிட்ட இருந்துதான் பிள்ளைகளுக்குப் போச்சா?" உங்கள் அம்மாச்சி நலமாக இருக்கிறார் என்றால் பழுது தாத்தா வழியாகவும் வந்திருக்கலாம்; ஆண்கள் நோயில்லாமலே அதைச் சுமந்து மகள்களுக்குக் கொடுப்பது சாதாரணம். யார் வழியாக வந்திருந்தாலும் அது யாருடைய குற்றமும் ஆகாது என்பதை, முடிந்தால், மரபணு ஆலோசகர் வாயாலேயே அவர் கேட்கும்படி செய்யுங்கள். அறிக்கையை யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. சம்பந்தம் பேசும் இடத்தில் இது பேச்சாகிவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ரத்த உறவினரிடம், அதிலும் சித்தியின் வளர்ந்த பிள்ளைகளிடமும் மற்ற மாமன்மாரிடமும், மறைக்க வேண்டாம்.

நடைமுறைக்கு வருவோம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் வேலூர் சிஎம்சியிலும் மரபணு ஆலோசனை கிடைக்கிறது; ரத்தத்தை மதுரையிலேயே எடுத்து அனுப்பலாம் என்பதால் எல்லோரும் பஸ் ஏற வேண்டியதில்லை. ஆய்வகத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மரபணுவின் பெரிய துண்டு காணாமல் போயிருந்தாலும் கண்டுபிடிக்கும் எம்எல்பிஏ சோதனை விலையில் சேர்ந்திருக்கிறதா, முடிவு வந்தபின் விளக்கிச் சொல்ல ஆள் உண்டா. முடிவு வர மூன்று, நான்கு வாரம் ஆகும். மரபணு முடிவை வைத்துக் காப்பீட்டில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. எனவே மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் எடுக்கும் எண்ணம் இருந்தால் உங்கள் ரத்தத்தைக் கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள், படிவத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

சித்திக்கு அடுத்த கீமோ எந்தத் தேதி என்று கேட்டு, அன்று நீங்களும் உடன் போங்கள். ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். மரபணுச் சோதனைக்கும் அதே ஊதா மூடிக் குழாய்தான், வெறும் வயிறும் தேவையில்லை. அண்மையில் அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், சற்றுப் பொறுத்து எடுப்பார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, ஒப்புதல் படிவத்தில் சித்தி கையெழுத்திட்டுவிட்டால், அதே ஊசியிலேயே இன்னொரு குழாயையும் நிரப்பிவிடலாம். ஏற்கெனவே நரம்பு கிடைக்காமல் தவிக்கும் அந்தக் கையில் இதற்கென்று தனியாக ஒரு குத்து வேண்டியதில்லை.